டீமுக்கு எந்த கிட் சேவை? தென்னாப்பிரிக்காவிலிருந்து பார்க்கும்போது

டர்பனிலோ ஜோபர்க்கிலோ பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு மென்பொருள் டீம் நிரலை எந்த இணையச் சேவையில் வைப்பது, "கிட்ஹப்பா, கிட்லாபா, பிட்பக்கெட்டா" என்று உட்கார்ந்தால், எதன் திரை அழகாயிருக்கிறது, யாருக்கு எது பழக்கம் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நிரலைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். மூன்றும் ஓட்டுவது கிட் என்ற கருவியை; நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் அது, ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழு வரலாறும் இருக்கும்படி கட்டப்பட்டது. சர்வர் நாளைக்கே காணாமல் போனாலும் கமிட்டுகள் (பதிவான மாற்றங்கள்) பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதவை வேறு: புல் ரிக்வெஸ்ட்டில் (ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) நடந்த விவாதம், இஷ்யூக்கள் (வேலை, பிழைக் குறிப்புகள்), பைப்லைனில் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதித்து வெளியிடும் தொடர்) வைத்த ரகசியச் சாவிகள், யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிகள். நாம் காசு கொடுப்பது இவற்றுக்குத்தான். அதனால் இவற்றை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

நடந்த உதாரணங்கள் இருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாபின் ஊழியர் ஒருவர் வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பல வகை பேக்கப் வைத்திருந்தும் அவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. ரெப்போக்களுக்கு (நிரலும் வரலாறும் இருக்கும் சேமிப்பகங்கள்) ஒன்றும் ஆகவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்து இஷ்யூக்களும் கமெண்ட்களும் மெர்ஜ் ரிக்வெஸ்ட்களும்தான் (புல் ரிக்வெஸ்ட்டுக்குக் கிட்லாபில் உள்ள பெயர்) போயின. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற சேவைக்கு வந்தது இதைவிடப் பெரிய அடி. அதன் அமேசான் கிளவுட் கணக்குக்குள் புகுந்த ஒருவர் டேட்டாவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தார், நிறுவனமே மூடப்பட்டது. கூகுள் கோட் 2015 மார்ச்சில் அறிவிப்பு கொடுத்துவிட்டு 2016 ஜனவரியில் கடையைச் சாத்தியது. பிட்பக்கெட் 2020இல், கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலின் ரெப்போக்களைக் கைவிட்டது. பெரிய பெயர் என்பதற்காக மட்டும் எதையும் நம்பி இருந்துவிட முடியாது.

இனி விலை. 12 பேர் டீமை எடுத்துக்கொள்வோம். பட்டியல் விலைப்படி கிட்ஹப் டீம் திட்டம் ஆளுக்கு மாதம் 4 டாலர், ஆக 48. கிட்லாப் பிரீமியம் ஆளுக்கு 29 டாலர், அதுவும் ஆண்டுக் கட்டணமாக. மாதக் கணக்கில் 348. மைக்ரோசாஃப்ட்டின் இதே வகைச் சேவையான அஷ்யூர் டெவ்ஆப்ஸில் முதல் ஐந்து பேருக்கு இலவசம், மீதி ஏழு பேருக்கு ஆளுக்கு 6 வீதம் 42. பிட்பக்கெட்டிலும் ஐந்து பேர் வரை இலவசம். கிட்லாப் டாட் காமில் பிரைவேட் குரூப்பின் இலவசத் திட்டமும் ஐந்து பேரோடு நின்றுவிடும். ஆறாவது ஆள் சேரும் நாளில்தான் பல டீம்களுக்கு இது தெரிய வருகிறது.

இந்த எண்களோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, பில் டாலரில் வருகிறது. 2023இல் ஒரே ஆண்டுக்குள் டாலர் ஏறத்தாழ 17 ரேண்டிலிருந்து 19க்கு மேல் போனது. பட்ஜெட்டை ரேண்டில் போடும்போது கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்கள். அதற்கு மேல் கார்டுக்கு வங்கி எடுக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் உண்டு, வாட் 15 சதவீதம் உண்டு. இன்வாய்ஸில் கம்பெனியின் பெயரும் வாட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று முதல் மாதமே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, "ஆள்" என்றால் யார்? கிட்ஹப்பில் பிரைவேட் ரெப்போவுக்கு அழைக்கும் வெளி ஆளும் ஒரு சீட்தான், அதாவது கட்டணத்தில் சேரும் ஒரு ஆள். கிட்லாப் பிரீமியத்தில் சும்மா பார்க்க மட்டும் வரும் கெஸ்ட்டும் ஒரு சீட். அல்டிமேட் திட்டத்தில்தான் கெஸ்ட் இலவசம். அஷ்யூர் டெவ்ஆப்ஸில் ஸ்டேக்ஹோல்டர் என்ற இலவசப் பிரிவு இருக்கிறது: வேலைப் பட்டியலைப் பார்க்கலாம், பிரைவேட் ரெப்போவின் நிரலைப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் எட்டிப்பார்க்கும் டீமுக்கு இது நல்ல மிச்சம்.

மூன்றாவது, குறைக்க முடியுமா? கிட்லாப் ஆண்டுச் சந்தாவில் இடையில் ஆள் சேர்த்தால் பணம் கூடும். ஆள் போனால் புதுப்பிக்கும் நாள் வரை சீட் குறையாது. ஒப்பந்த ஊழியர்கள் வந்து போகும் டீமுக்கு மாதக் கட்டணமே மேல்.

விலைக்கு அடுத்து, இலவசத் திட்டத்தில் எது கிடைக்காது என்பதைப் பாருங்கள். கிட்ஹப் இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போவுக்குப் பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) பாதுகாப்பு கிடையாது. டீமில் யார் வேண்டுமானாலும் மெயின் பிராஞ்சில் நேராகப் புஷ் செய்யலாம் (தன் மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பலாம்), அங்கிருக்கும் வரலாற்றையே மாற்றி எழுதும் ஃபோர்ஸ் புஷ்ஷும் செய்யலாம். கிட்லாப் இலவசத்தில் பிராஞ்சைப் பூட்டலாம், ஆனால் "இரண்டு பேர் சம்மதித்தால்தான் மெர்ஜ்" (மெயின் பிராஞ்சோடு சேர்ப்பது) என்று கட்டாயப்படுத்த பிரீமியம் வேண்டும். பிட்பக்கெட்டிலும் மெர்ஜ் நிபந்தனைகளைக் கட்டாயமாக்குவது பிரீமியத்தில்தான்; கீழே உள்ள திட்டங்களில் அது வெறும் எச்சரிக்கை, தாண்டிப் போய்விடலாம். என் கருத்தில் மூன்று பேருக்கு மேல் வேலை செய்யும் ரெப்போவுக்குப் பிராஞ்ச் பாதுகாப்பு இல்லாத திட்டம் பொருந்தாது. 48 டாலரை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு ஃபோர்ஸ் புஷ்ஷில் அரை நாள் போகும்.

பைப்லைன் சேவையின் கணினியில் ஓடும் நிமிடங்களைக் கணக்குப் போடாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 12 பேர், ஆளுக்கு ஒரு நாளில் 3 புஷ், மாதம் 21 வேலைநாள், ஒரு பில்டுக்கு (பைப்லைனின் ஓர் ஓட்டம்) 8 நிமிடம்: 6,048 நிமிடம். கிட்ஹப் இலவசத்தில் மாதம் 2,000, டீம் திட்டத்தில் 3,000. கிட்லாப் இலவசத்தில் 400, பிரீமியத்தில் 10,000. பிட்பக்கெட் இலவசத்தில் வெறும் 50. விலையில் இளைத்துத் தெரியும் திட்டம் இங்கே கொழுத்துவிடலாம்.

கணக்கு எங்கே வீங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். கிட்ஹப் ஒவ்வொரு ஜாபையும் (பைப்லைனுக்குள் ஒரு தனி வேலை) அடுத்த முழு நிமிடத்துக்கு ஏற்றிக் கணக்கிடுகிறது. பத்து விநாடி ஓடும் ஜாப்கள் பத்து என்றால் பத்து நிமிடம் போயிற்று. சின்னச் சின்ன சோதனைகளை ஒரே ஜாபுக்குள் படிகளாக அடுக்குங்கள். ஏதாவது ஒரு ஜாப் தொங்கிப்போனால் கிட்ஹப் தானாக நிறுத்துவது 360 நிமிடம் கழித்து. கிட்லாபில் 60 நிமிடம். ஜாபுக்கு 15 அல்லது 20 நிமிட டைம்அவுட்டை நீங்களே எழுதி வையுங்கள். அதே பிராஞ்சில் புதிய புஷ் வந்ததும் பழைய ஓட்டம் ரத்தாகும்படி செய்யுங்கள். ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பு மட்டும் மாறினால் பில்டு ஓடத் தேவையில்லை. இவற்றைச் செய்துவிட்டுப் பிறகு பாருங்கள், மேல் திட்டத்துக்குப் போக வேண்டுமா என்று. சொந்த ரன்னர் (பைப்லைனை ஓட்டும் கணினி) வைப்பதும் ஒரு வழிதான். கிட்லாபில் அது நிமிடக் கணக்கில் சேராது. ஆனால் அலுவலக மூலையில் வைத்த ரன்னர் மின்வெட்டோடு சேர்ந்து விழும். இன்வெர்ட்டர் லைனில் ரூட்டரை மட்டும் போட்டுவிட்டு ரன்னரை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது.

கடலுக்கடியில் ஓடும் கேபிள்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் கரைக்கு அருகே வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3 ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் பழுதாகி, தென்னாப்பிரிக்கா வரை இணையம் தடுமாறியது. அதே ஆண்டு மே 12 அன்று நம் குவாசுலு-நட்டால் கரைப் பக்கம் ஈஸி, சீக்காம் என்ற இரண்டு கேபிள்களும் சேர்ந்து அறுந்தன. அப்படிப்பட்ட நாளில் கமிட் போடலாம், பிராஞ்ச் பிரிக்கலாம், இரண்டு லேப்டாப்புகளுக்கு இடையே அலுவலக நெட்வொர்க்கிலேயே புல் செய்துகொள்ளலாம். நிற்பது ரிவ்யூவும் பைப்லைனும் டிப்ளாயும் (புதிய பதிப்பை வெளியிடுவது). அவசரத் திருத்தம் ஒன்றை பைப்லைன் இல்லாமல் கையால் வெளியிடும் வழியை எழுதி, அதை ரெப்போவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். எந்தச் சேவையை எடுத்தாலும் இது தேவை.

சாதாரண நாளிலும் டர்பனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்வர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஃபெட்சும் (சர்வரிலுள்ள புதிய மாற்றங்களை எடுப்பது) எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பைப் புதிதாகத் தொடங்கிப் பலமுறை போய்வருவதால் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் கன்ட்ரோல்மாஸ்டரையும் கன்ட்ரோல்பாத்தையும் அமைத்து, கன்ட்ரோல்பெர்சிஸ்ட்டைப் பத்து நிமிடத்துக்கு வைத்தால் அதுவரை இணைப்பு திறந்தே இருக்கும். இரண்டாவது ஃபெட்சிலிருந்து வேகம் தெரியும். பெரிய ரெப்போவை முதல்முறை எடுக்கும்போது பிளாப்களை (பழைய கோப்புகளின் உள்ளடக்கம்) விட்டுவிட்டு எடுக்கும் பார்ஷியல் குளோன் (பகுதிப் பிரதி) போதும். எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான 22ஆம் போர்ட்டை அடைத்த வாடிக்கையாளர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டால், கிட்ஹப், கிட்லாப், பிட்பக்கெட் மூன்றும் 443ஆம் போர்ட் வழியாக எஸ்எஸ்ஹெச்சைத் தருகின்றன. அதற்கான ஹோஸ்ட் பெயர் மட்டும் வேறு.

"போப்பியா சட்டப்படி சர்வர் நாட்டுக்குள் இருக்க வேண்டாமா?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அது; 2021 ஜூலை 1 முதல் முழுவீச்சில் அமலில் இருக்கும் அதன் 72ஆம் பிரிவு தனிநபர் தகவல் எல்லை தாண்டுவதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது: பெறுபவர் போதுமான பாதுகாப்புத் தரும் சட்டத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ கட்டுப்பட்டிருப்பது, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் போன்றவை. சேவை நிறுவனம் உங்களுக்கு ஆபரேட்டர் (உங்களுக்காகத் தகவலைக் கையாள்பவர்) ஆகிறது, எனவே 21ஆம் பிரிவுப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பெரிய சேவைகளின் டேட்டா பிராசஸிங் ஒப்பந்தத்தைத் தரவிறக்கிக் கோப்பில் வையுங்கள்.

ஆனால் ரெப்போவுக்குள் தனிநபர் தகவல் எதற்கு வந்தது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் டெஸ்ட் டேட்டா வழியாகத்தான் வருகிறது. உண்மையான வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டிய சிஎஸ்வி அட்டவணைக் கோப்பு. நம் அடையாள எண்ணுக்கு 13 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து லூன் என்ற கணக்கு முறைப்படி வரும் சரிபார்ப்பு எண். இதைப் பிடிக்க ப்ரீ-கமிட் ஹுக்கில் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சிறு நிரல்) இருபது வரி போதும்: 13 இலக்கத் தொடரைத் தேடு, முதல் ஆறும் செல்லுபடியாகும் தேதியா என்று பார், லூன் சரியாக வந்தால் கமிட்டை நிறுத்து. தேதியையும் லூனையும் சேர்த்துப் பார்ப்பதால் ஆர்டர் எண்ணைப் பார்த்து வீணாகக் கத்துவது குறையும். ஹுக்கைத் தாண்டிப் போக வழி உண்டு என்பதால் அதே சோதனையைப் பைப்லைனிலும் ஓட விடுங்கள்.

வங்கியோ அரசுத் துறையோ "நாட்டுக்குள்தான்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், அமேசானின் கேப் டவுன் ரீஜனிலோ அஷ்யூரின் ஜோஹன்னஸ்பர்க் ரீஜனிலோ கிட்லாபை நீங்களே நிறுவலாம். ஆயிரம் பயனர் வரை 8 விசிபியூ, 16 ஜிபி ராம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. மாதா மாதம் புதிய பதிப்பு வரும். பல பதிப்புகள் பின்தங்கிவிட்டால் ஒரே தாவலில் மேலே போக முடியாது, குறிப்பிட்ட பதிப்புகளில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். இதைப் பார்க்க ஒரு ஆள் இல்லாத டீம் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சேவைத் தேர்வோடு நேரடிச் சம்பந்தம் இல்லாத ஒன்று, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு: கிட் ஸ்டேட்டஸில் பெயருக்குப் பதில் எண் குவியல் தெரிந்தால் க்வோட்பாத் (core.quotePath) அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றுங்கள். மேக்கில் உருவான பெயரில் "கொ" போன்ற எழுத்தின் உயிர்க்குறி இரண்டு துண்டாகச் சேமிக்கப்படலாம். லினக்ஸில் அது வேறு கோப்பாகத் தெரியும். ப்ரீகம்போஸ்யூனிகோட் அமைப்பு ட்ரூவாக இருக்கட்டும்.

சேவை மாறுவதென்றால் டிசம்பர் 16 விடுமுறைக்குப் பிந்தைய வாரம் நல்ல நேரம், நாடே அடங்கியிருக்கும். மிரர் குளோன் (ரெப்போவின் முழுப் பிரதி) எடுத்துப் புதிய இடத்துக்கு மிரர் புஷ் செய்தால் பிராஞ்சும் டேக்கும் (பதிப்புக் குறி) போய்ச் சேரும். கிட்ஹப்பிலிருந்து கிட்ஹப்புக்கே போகும்போது புல் ரிக்வெஸ்ட்டுக்கான மறைவு ரெஃப்களை (கமிட்டைச் சுட்டும் பெயர்கள்) ஏற்க மாட்டேன் என்று பிழை வரும். பயப்பட வேண்டாம், எல்லாப் பிராஞ்ச்களையும் டேக்குகளையும் தனித்தனியாகப் புஷ் செய்யுங்கள். மிரர் குளோனில் எல்எஃப்எஸ் கோப்புகள் (படம் போன்ற பெரிய கோப்புகளை ரெப்போவுக்கு வெளியே தனியாக வைக்கும் முறை) வராது. அவற்றை எல்லா ரெஃப்களுக்கும் தனியாக ஃபெட்ச் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் புதிய இடத்தில் படங்களுக்குப் பதில் மூன்று வரி உரைக்கோப்புகள்தான் இருக்கும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இன்றைக்கு அழித்துவிட்டாலும் பழைய கமிட்டில் இருந்தால் புஷ் நிற்கும். ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் வரலாற்றிலிருந்தே எடுத்தாக வேண்டும். அதனால் அந்தக் கமிட்டிலிருந்து பின்னால் வரும் கமிட் ஐடிகள் எல்லாம் மாறும் என்பதை டீமுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பைப்லைன் ரகசியங்களைக் கிட்ஹப்பிலிருந்து திரும்ப வாசிக்க முடியாது. மூலப் பிரதி பாஸ்வேர்டு வால்ட்டில் இல்லையென்றால் மாறும் நாளில் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க நேரிடும்.

தினசரி பேக்கப்புக்கு மிரர் மட்டும் போதாது. மூல ரெப்போவில் யாராவது ஃபோர்ஸ் புஷ் செய்தால் அடுத்த இரவே உங்கள் மிரரும் அதேபோல் மாறிவிடும். வாரம் ஒருமுறை தேதியிட்ட கிட் பண்டில் (முழு ரெப்போவும் ஒரே கோப்பாக) ஒன்றை எடுத்து, சேவைக் கணக்கோடு தொடர்பில்லாத வேறு கணக்கில் வையுங்கள். இஷ்யூக்களையும் ரிவ்யூ கமெண்ட்களையும் ஏபிஐ (சேவையை நிரலால் அணுகும் வழி) மூலம் ஜேசன் (JSON) கோப்பாக இறக்குங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பண்டிலிலிருந்து ஒரு குளோன் எடுத்துப் பில்டு ஓட்டிப் பாருங்கள்.

மாறிய பிறகு பழைய ரெப்போவை ஆர்கைவ் செய்து, யாரும் புஷ் செய்ய முடியாதபடி மூன்று மாதம் வைத்திருங்கள். மற்றவற்றைப் பழைய ரெப்போவோடு இணைக்கும் வெப்ஹுக், டிப்ளாய் கீ, பர்சனல் டோக்கன் ஒவ்வொன்றையும் அன்றே ரத்து செய்யுங்கள். மாத இறுதியில் மட்டும் ஓடும் வேலைகள் எந்த யூஆர்எல்லைப் பார்க்கின்றன என்றும் சரிபாருங்கள். பழைய முகவரி அங்கேதான் ஒளிந்திருக்கும்.