பொறியியல் படிப்பு: முதல் பட்டதாரி சான்றிதழிலிருந்து வங்கிக் கடன் வரை

சிறு கடை, கூலி வருமானத்தில் பிள்ளையைப் பொறியியல் படிக்க வைக்க முடியுமா? தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழியாகப் போனால் முடியும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் கடன்தான் மிஞ்சும்.

2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, தனியார் கல்லூரியில் தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கு ஆண்டுக்கு 25,000 கழியும் முதல் பட்டதாரி சலுகை, கலந்தாய்வில் சேர்ந்தவருக்கு மட்டும்தான். ஆக 30,000 எங்கே, 87,000 எங்கே! நான்கு ஆண்டில் 2,28,000 ரூபாய் வித்தியாசம். விடுதி, பஸ் கட்டணம் இதில் சேராது. சேரும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் மனு போட வேண்டும். ஆதார், ஸ்மார்ட் கார்டு, டிசி, வீட்டில் பட்டதாரி இல்லை என்ற உறுதிமொழி, இவ்வளவும் வேண்டும். மனு முதலில் தேங்குவது விஏஓ மேசையில். ரேஷன் கார்டில் பெயர் இருக்கும் அண்ணன் பத்தாவதோடு நின்றிருந்தால் அவருடைய டிசியையும் கேட்பார்கள்; அது கிடைக்காமல்தான் பல மனுக்கள் திரும்புகின்றன. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தாலும் இழுத்தடிக்கும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. அக்கா ஏற்கெனவே வாங்கிப் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தனி.

மிச்சத்துக்கு, கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் கடன் மனு. ஒதுக்கீட்டு ஆணையும், நான்கு ஆண்டுக் கட்டணத்தைப் பிரித்துக் காட்டும், கல்லூரி தரும் போனஃபைடு சான்றும் கையில் இருக்கட்டும். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கிடையாது, கைப்பணமும் போட வேண்டியதில்லை. பிணையில்லாத கடனையும் நிறுத்திவைப்பது பெரும்பாலும் சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் மதிப்பெண்தான். பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரர் ஆக வேண்டும். அப்பாவின் பைக் தவணை பாக்கி நின்றால் மனு அங்கேயே நிற்கும். அதை அடைத்து, பாக்கியில்லாச் சான்று வாங்கிய பிறகு போங்கள், அல்லது அம்மாவைச் சேருங்கள்.

ஆண்டுக்கு 1 லட்சம் வாங்குவதாக வைப்போம், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது தனிவட்டியே 1,40,000 ஏறியிருக்கும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பம், நாக் (கல்லூரிக்கான தரச்சான்று) அல்லது என்பிஏ (பாடப்பிரிவுக்கான தரச்சான்று) அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்தால், மத்திய அரசின் மானியம் இந்தக் கால வட்டியை ஏற்கும். வருமானச் சான்றைக் கடன் வாங்கும் அன்றே கிளையில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவாகிவிட்டதா என்று ஆண்டுதோறும் மேலாளரிடம் கேளுங்கள். கிளை கோராமல் விட்டால் அந்த வட்டி பிள்ளையின் கணக்கில்தான் ஏறும்.