கணுக்காலில் வந்த கட்டி

அம்மா எனக்குச் சிறுநீரகம் கொடுத்து நான்கு வருடம் முடிந்திருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.2. உடம்பு அதை நிராகரிக்காமல் இருக்க நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் ரத்த அளவும் (டாக்ரோ லெவல்) ஒழுங்கு. அதனால் இடது கணுக்காலுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, தோல் சிவக்கவும் இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிற எங்களுக்கு இதுதான் ஆபத்து. உடம்பு எதிர்த்துச் சண்டை போட்டால்தானே சூடும் சிவப்பும் வரும்.

மூன்று மாதத்தில் அது பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டார்கள். வந்த சீழைத் துடைத்துப் போட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு துண்டுச் சதையை மட்டும் ஃபார்மலினில் போட்டு அனுப்பினார்கள். 'கிரானுலோமா (நாள்பட்ட அழற்சியில் செல்கள் திரண்ட முடிச்சு), காசநோயாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வந்தது. டிபி மாத்திரை தொடங்கச் சொன்னார்கள்.

அன்றே அதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸ் அளவை மளமளவென்று இறக்கிவிடும். உடம்பு சிறுநீரகத்தையே நிராகரித்துவிடலாம். எந்தப் புது மாத்திரையையும் எங்களைக் கேட்காமல் போடாதீர்கள் என்று, மாற்று அறுவை முடிந்து டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. அன்று ராத்திரியே சென்னைக்கு பஸ் ஏறினேன்.

நெஃப்ராலஜி (சிறுநீரக) டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சீழை கல்ச்சருக்கு அனுப்பினாங்களா?" கல்ச்சர் என்றால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. அனுப்பவில்லை. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துப்போகும், அப்புறம் அதை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கட்டியில் கத்தி வைப்பதற்கு முன்னால் வாய்விட்டுக் கேளுங்கள்: எடுப்பதில் ஒரு பாதி, ஃபார்மலின் இல்லாமல் சலைனில் கல்ச்சருக்குப் போகிறதா, பூஞ்சைக்கும் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறதா? கேட்காததால் எனக்கு இரண்டு மாதம் போயிற்று.

அடுத்த கேள்வி: "இந்த இடத்துல எப்பவாவது முள்ளு குத்துச்சா?" எனக்கு நினைவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "வேலி அடைக்கிறப்ப சீமைக்கருவேல முள்ளு தச்சு நொண்டிக்கிட்டு வந்தியேப்பா, போன தையில. முனை உள்ளயே முறிஞ்சிருக்கும்னு அப்பவே சொன்னேன்."

அதற்குள் கட்டி மறுபடி எழும்பியிருந்தது. இந்த முறை ஊசியால் உறிஞ்சினார்கள். கெட்டியாக, பழுப்பாக வந்தது. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ரோபயாலஜி மேடம் என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மூங்கில் மாதிரி கணுக்கணுவாக, கட்டன் டீ நிறத்தில் இழைகள். இந்த வகைப் பூஞ்சையின் சுவரிலேயே மெலனின் இருக்கிறதாம். நோய்க்குப் பெயர் ஃபியோஹைஃபோமைக்கோசிஸ். மண்ணிலும் காய்ந்த விறகிலும் முள்ளிலும் கிடக்கிற பூஞ்சைதான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்று அவர் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கட்டியைக் கீறாமல் பையோடு முழுதாக எடுத்தார்கள். வெளியே எடுத்துப் பிளந்தபோது உள்ளே அரை சென்டிமீட்டர் முள் முனை இருந்தது. மூன்றாவது வாரம் கல்ச்சரில் கரும்பச்சையாக, வெல்வெட் துணி மாதிரி வளர்ந்தது. பூஞ்சையின் பெயர் எக்சோஃபியாலா என்று ரிப்போர்ட்.

அறுவை எளிதாக முடிந்தது. மாத்திரைதான் கஷ்டம். பூஞ்சைக்குக் கொடுத்த இட்ராகொனசோல் ரிஃபாம்பிசினுக்கு நேர் எதிர், டாக்ரோ அளவை ஏற்றிவிடும். முதல் நாளே டாக்ரோவைப் பாதியாகக் குறைத்தார்கள். அப்படியும் ஐந்தாம் நாள் டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கியது. லெவல் 13, கிரியாட்டினின் 1.6. மறுபடி குறைத்து, வாரம் இருமுறை ரத்தம் கொடுத்து, 6-க்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆயிற்று. இட்ராகொனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும் என்பதால், அமிலத்தைக் குறைக்க நான் சாப்பிட்டுவந்த பான்டோப்ரசோலை டாக்டர் நிறுத்திவிட்டார். கேப்சூல் எப்போதும் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன்தான். மாதம் ஒருமுறை ஈரல் பரிசோதனை.

ஆறு மாதம் கழித்து நிறுத்தும்போதும் இதே கவனம் தேவைப்பட்டது. இட்ராகொனசோல் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், அது போகப் போக டாக்ரோ அளவு இறங்கும். வாராவாரம் ரத்தம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். போன வாரம் லெவல் 6.1, கிரியாட்டினின் 1.2. குளிக்கும்போது தழும்பின் மேல் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.