இருவாச்சியின் கண்

சிங்கப்பூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு ஆறுதலாக இருந்த இடம் மண்டாயில் உள்ள பறவைப் பூங்காதான். ஜூரோங்கில் 1971 முதல் இயங்கிய பழைய பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் 'பேர்டு பாரடைஸ்' என்ற பெயரில் இங்கே திறக்கப்பட்டது.

மக்கா என்னும் பல வண்ணப் பெருங்கிளியை யார் எடுத்தாலும் படம் அழகாக வரும். என்னைக் கட்டிப்போட்டது, பெரிய அலகின்மேல் கொம்பு போன்ற புடைப்புள்ள பெரிய இருவாச்சிப் பறவை. கம்பிவலைக்கு லென்ஸை ஒட்டி வைத்து, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பறவை வலையை விட்டுத் தள்ளி வரும்வரை பொறுத்திருந்தால் வலை படத்தில் தெரியாது. அந்தக் காத்திருப்பில்தான் பறவையே கண்ணுக்குப் புலப்பட்டது. ஆணின் விழி இரத்தச் சிவப்பு. பெண்ணின் விழி வெளிர் வெண்மை. கண்ணுக்கு மேல் நீண்ட இமை முடிகள். அவை முடியல்ல, உருமாறிய இறகுகள். அலகின் மஞ்சளும் பிறவி நிறமல்ல. வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயைப் பறவை தானே தேய்த்துப் பூசிக்கொள்கிறது. கோதி முடித்ததும் அலகு வெயிலில் மினுங்கும். படமெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தக் கண்களுக்கு அது கொடுமை.

பழைய பூங்காவில் 2018இல் அலகின் மேற்கொம்பில் புற்றுநோய் கண்ட ஜாரி என்ற இருவாச்சிக்கு, முப்பரிமாண அச்சில் செய்த செயற்கைக் கொம்பைப் பொருத்தினார்கள். ஒரு பறவைக்காக இவ்வளவு மெனக்கெட்ட ஊர் என்று அறிந்தபோது இந்த ஊர்மேல் எனக்குப் பற்று வந்தது.

இவற்றின் சிறிய உறவான கறுப்பு வெள்ளை இருவாச்சி, சிங்கப்பூர்க் காடுகளிலிருந்து நூறாண்டுகளுக்கு மேல் காணாமல் போயிருந்தது. 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. பொந்துள்ள பெருமரங்கள் குறைந்துவிட்டதால் செயற்கைக் கூடுகள் அமைத்துப் பெருக்கினார்கள். பொந்துக்குள் போன பெண் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் சிறு பிளவு வழியே பழங்களை ஊட்டும்.

இப்போது அவை வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளின் கைப்பிடிச் சுவர்வரை வருகின்றன. போன வாரம் எங்கள் மாடியில் ஒன்று வந்து அமர்ந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன் ஓடிவந்து, "இது எங்கிருந்து தப்பி வந்தது, மாமா?" என்று கேட்டான். தப்பி வரவில்லை, இந்த ஊர்ப் பறவைதான் என்று சொல்லி, பூங்காவில் எடுத்த படங்களையும் அவனுக்குக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் என்னோடு மண்டாய்க்கு வருகிறான்.