பழைய புடவையில் கவந்த்: மூன்று சுற்று முடிந்தது

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி மக்களின் பழந்துணிப் போர்வைதான் கவந்த். ஃபிரேம் கிடையாது, நடுவில் பஞ்சு கிடையாது. துண்டை வைக்கும்போதே அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுவிடுவார்கள். மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். அந்த முறையில் 36க்கு 44 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை, துண்டுகள் மூன்று சுற்று முடிந்து, இப்போது நடு நெருங்குகிறது.

அடித்துணிக்கு நூல் புடவையில் 38 அங்குலம். கத்தரிக்க வேண்டாம், ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டுக் கிழித்தால் இழை பிசகாமல் நேராக வரும். மேல் துண்டுகளுக்குப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும். உட்காரும் இடம் நைந்து சல்லடையாக இருக்கும். முந்தானையும் கொசுவத்தின் உள்மடிப்பும்தான் பலமாக மிஞ்சும். இரு கட்டைவிரலால் இழுத்து இழை விலகினால் ஒதுக்கிவிடலாம். ஜரிகையும் வேண்டாம், நூலை அறுக்கும். சிவப்புச் சுங்குடி இருந்தால் ஈரமாக்கி, வெள்ளைத் துணி வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். சாயம் இறங்கினால் பக்கத்துத் துண்டெல்லாம் ரோஸ் ஆகிவிடும்.

துண்டின் ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து நகத்தால் கீறினாலே போதும், குண்டூசி தேவையில்லை. வரிசைக்கு வரிசை அரை அங்குலம். டிஎம்சி எட்டாம் நம்பர் பேர்ல் காட்டன் (முறுக்கிய பருத்தி நூல்) 10 கிராம் உருண்டையில் 80 மீட்டர் வரும். இந்த அளவுக்கு வரிசைகளின் நீளமே 80 மீட்டரைத் தொடும். ஏறி இறங்குவதும் முடிச்சும் சேர்ந்தால் பத்தாது. அதே சாயத் தொகுதியில் இரண்டாக வாங்கிவிடுவது நல்லது.

தொல்லை தருவது உப்பல்தான். ஓரத்திலிருந்து உள்ளே வரும்போது துணியின் தளர்வு முழுக்க நடுவே ஒதுங்கி, கடைசியில் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கும். ஊசியில் நாலு தையல் கோத்து இழுத்ததும், தைத்த இடத்தைக் கட்டைவிரலால் பின்னோக்கி நீவிவிடணும். நூலைச் சுண்டி இழுத்தால் சுருக்கம் விழும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தரையில் விரித்துப் பார்ப்பது அவசியம். உப்பியிருந்தால் கடைசி வரிசையை மட்டும் பிரித்தால் போதும். நடுவுக்கு வந்தபின் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய துண்டாகப் போட்டு மறைப்பதெல்லாம் சமாளிப்பு.

பாக்கி இருப்பது நடுத்துண்டும் நாலு மூலைப் பூவும். பூவுக்கு 'பூலா' என்று பெயர். அது இல்லாத கவந்த், உடுத்தாத உடம்பு மாதிரி என்பது சித்தி மக்களின் கணக்கு. 3 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை இரண்டு தடவை மடித்தால் முக்கோணம். அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால் எட்டு மடிப்பு ஆகிவிடும், விரலுறை இல்லாமல் ஊசி இறங்காது. அதனால் பூவுக்கு மட்டும் மெல்லிசான மல் துணி எடுத்து வைத்திருக்கிறது.