வலது இருக்கையில் ஆறு அப்ரோச்

மார்ச் மாதம் பறந்த அப்ரோச்சின், அதாவது கருவிகளை மட்டும் பார்த்து ஓடுபாதையை நோக்கி இறங்கியதின், கணக்கு செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ-வின் விதி அப்படி. கடந்த ஆறு காலண்டர் மாதங்களுக்குள் ஆறு இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச், ஹோல்டிங் (ஓரிடத்தில் வட்டமடித்துக் காத்திருப்பது), ஒரு பாதையைப் பிடித்து விலகாமல் போவது எல்லாம் செய்திருந்தால்தான் மேகத்துக்குள் விமானத்தின் பொறுப்பை ஏற்கலாம். தவறவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் சேஃப்டி பைலட்டை (வெளியே பார்த்துக்கொள்ளும் இன்னொரு விமானியை) வைத்துக்கொண்டு பறந்து மீட்கலாம். அதையும் விட்டால் ஆசிரியரிடமோ தேர்வாளரிடமோ தனியாக ஒரு சோதனைக்கு உட்கார வேண்டும்.

இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியாளர் ஆவதற்குப் படிக்கத் தொடங்கியபோது இந்தக் கணக்கு எனக்குக் கவலையாகவே இல்லை. வாரம் இரண்டு முறை கலிஃபோர்னியாவில் லிவர்மோர், ஸ்டாக்டன் என்று போய்வருகிறோம், தானாகச் சேர்ந்துவிடும் என்று இருந்தேன். பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கில் சேரத்தான் செய்தது.

ஒரு சனிக்கிழமை, ஸ்டாக்டனில் 29 ரைட் ஓடுபாதைக்கு ஐஎல்எஸ், அதாவது தரையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலைப் பிடித்து இறங்கும் அப்ரோச். செஸ்னா 172 சிறு விமானத்தில், ஆசிரியர் உட்காரும் வலது இருக்கையில் நான், தலையில் வெளியே தெரியாதபடி மறைக்கும் ஹூட். சேஃப்டி பைலட்டாக வந்த நண்பர் இடது இருக்கையில். அவரையே மாணவராக நினைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டே இறங்கினேன். 90 நாட் வேகத்தில் கிளைட் ஸ்லோப்பை, அதாவது சிக்னல் காட்டும் இறங்குசரிவைப் பிடித்து இறங்க நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 அடி வேண்டும், ஏன் என்றால்...

"அண்ணா, சொல்றது சரி. ஊசியைப் பாருங்க."

பார்த்தேன். பாதை இடப்பக்கமா வலப்பக்கமா என்று காட்டும் லோக்கலைசர் ஊசி நடுவில்தான் நின்றது. அவர் பக்கமிருந்து பார்த்தால் அது வலப்பக்கம் தள்ளி நின்றதாம். அந்தப் பழைய வட்டக் கருவியில் ஊசிக்கும் பின்னாலிருக்கும் தட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. வலப்புறமிருந்து சாய்வாகப் பார்ப்பவருக்கு ஊசி இடப்பக்கம் நகர்ந்து தெரியும். அதை நம்பிப் பாதைக்கு இடப்பக்கமே வந்துகொண்டிருந்தேன். இறங்கும் வேகமோ 450 இல்லை, 700. வாய் சொன்னதைக் கை செய்யவில்லை. தரைக்கு 800 அடி மேலேயே த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏறினோம். குறைந்தபட்ச உயரம் வரை போகாததால் அதை லாக்புக்கில் எழுதவில்லை.

அன்று இரவு ஒரு விஷயம் உறுத்தியது. நாளைக்கு நான் ஆசிரியரானாலும் மாணவர் ஹூட் போட்டுப் பறக்கும் அப்ரோச் எதுவும் என் கணக்கில் வராது. நிஜ மேகத்துக்குள் சொல்லிக்கொடுத்தால்தான் ஆசிரியரும் எழுதிக்கொள்ளலாம். நாள் முழுக்க அப்ரோச் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என் கை மட்டும் பழக்கம் விட்டுப்போகும். எனக்கு அதுதான் பெரிய பயம். மாணவர் தடுமாறும்போது நான் வாங்கிப் பறக்க வேண்டிய கை அது.

அப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். ஆறில் இரண்டு இடது இருக்கையில், ஒரு வார்த்தை பேசாமல். மற்றவை வலது இருக்கையில், பேசிக்கொண்டே. வலதில் இருக்கும்போது ஊசியோடு ஜிபிஎஸ் திரையில் தெரியும் பாதையையும் சேர்த்துப் பார்க்கிறேன். பேச்சை அப்ரோச் தொடங்கும் முன்னாலேயே முடித்துவிட்டு, இறங்கும்போது எண்களை மட்டும் சொல்கிறேன். மாணவருக்கும் அவ்வளவுதான் காதில் ஏறும்.

ஜூலையில் மான்டரேயில் காலை நேரத்துக் கடல் மேகம். ஹூட் இல்லை, வெளியே வெறும் வெள்ளை. 10 ரைட் ஓடுபாதைக்கு இறங்கினேன். மேகம் விலகியபோது ஓடுபாதை விளக்குகள் நேர் எதிரே இருந்தன. லாக்புக்கில் அது ஐந்தாவது. மாதக் கடைசிக்குள் இன்னும் ஒன்றும், மாண்டேகா விஓஆர் என்ற ரேடியோ வழிகாட்டி நிலையத்தில் ஒரு ஹோல்டிங்கும் பாக்கி.