முதலில் அவர் சாம்பிள் கொடுக்கட்டும்

குழந்தையில்லை என்று சிகிச்சைக்கு வரும் தம்பதிகளின் ஃபைலைப் புரட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மனைவி பெயரில் தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் என்று ரத்தப் பரிசோதனைகள், மாதக்கணக்கில் முட்டை வளர்ச்சி பார்த்த ஸ்கேன்கள், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. சிலருக்கு வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி முடித்த டிஸ்சார்ஜ் சம்மரியும் இருக்கும். கணவர் பெயரில் ஒரு தாள்கூட இருக்காது. இருந்தால், எப்போதோ எடுத்த, ‘நார்மல்’ என்று ஒரே வரியில் முடித்த சீட்டு.

மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் விந்தணு பரிசோதனை செய்வது என் வேலை. செலவும் வலியும் குறைந்த பரிசோதனை இது. ஆனால் எங்களிடம் கடைசியாகத்தான் வருகிறது. கூட வரும் மாமியார், "எங்க பையனுக்கு என்ன மேடம், கல்லு மாதிரி இருக்கான்" என்பார். ஆண்மைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாதவரின் சாம்பிளில் ஒரு அணுகூட இல்லாமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஐந்தில் ஒரு தம்பதிக்கு ஆண் பக்கம் மட்டுமே காரணம். அப்படிப்பட்ட வீட்டில் அந்தப் பெண் எத்தனை ஊசி போட்டு, எத்தனை கோயிலில் தொட்டில் கட்டி, எத்தனை வளைகாப்புகளுக்குப் போகாமல் ஒதுங்கி இருந்திருப்பாள் என்று நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

சாம்பிள் கொடுக்க வருபவர்கள் பெரும்பாலும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போவார்கள். சிலரால் அன்று முடியாது, வியர்த்து வழிய வெளியே வந்து நிற்பார்கள். இது சகஜம், அவசரமில்லை, வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டிலேயே கொண்டு வரலாம் என்று சொல்வேன். அவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்விகள். கடைசியாக உறவு கொண்டு எத்தனை நாள் ஆயிற்று? இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி இருக்க வேண்டும். எடுக்கும்போது ஏதாவது கீழே சிந்தியதா? முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தியிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்துவிட்டால், ரிப்போர்ட்டே தப்பாகிவிடும்.

சாம்பிளை 37 டிகிரியில் வைத்து, இளகும்வரை அரை மணி நேரம் காத்திருப்போம். அப்புறம் சூடாக்கிய ஸ்லைடில் ஒரு சின்னச் சொட்டு, மேலே கவர்ஸ்லிப், மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு. சில அணுக்கள் நேர்கோட்டில் விர்ரென்று போகும், சில மெதுவாக முன்னேறும், சில இருந்த இடத்திலேயே வாலை ஆட்டும், சில அசையவே அசையாது. இந்த நான்கு வகையையும் பிரித்து 200 அணுக்களை எண்ண வேண்டும். பிறகு இன்னொரு சொட்டில் இன்னொரு 200. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் மறுபடி முதலிலிருந்து. அணுவின் தலை, கழுத்து, வால் சரியாக இருக்கிறதா என்று சாயமிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. அதனால்தான் ‘நார்மல்’ என்ற ஒற்றை வரி எனக்கு ஒப்புவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு கையேட்டின்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், மொத்தத்தில் 3 கோடியே 90 லட்சம், முன்னேறி நகர்பவை 30%, சரியான வடிவம் கொண்டவை 4% என்பவை கீழ் வரம்புகள். அந்த 4%ஐப் பார்த்துவிட்டு "மீதி 96ம் கெட்டுப்போச்சா?" என்று இடிந்துபோகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. இயல்பாகக் குழந்தை பெற்ற ஆண்களிடமும் சரியான வடிவம் குறைவாகத்தான் இருக்கும். இந்த வரம்புகளை எடுத்ததே ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை அளந்துதான். அவர்களிலும் நூற்றில் ஐந்து பேர் வரம்புக்குக் கீழே இருந்தார்கள். ஆகவே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு காய்ச்சல் வந்து போனால்கூட எண்ணிக்கை இறங்கும். ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரும் அளவுக்கு முதிர இன்னும் கொஞ்ச நாள். அதனால்தான் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறோம்.

சாம்பிளில் ஒன்றுமே இல்லையென்றால் அதைச் சுழற்றி, அடியில் படிவதையும் தேடிப் பார்ப்போம். அதிலும் இல்லையென்றால் காரணம் தேட வேண்டும். உற்பத்தி இருந்தும் வழியில் அடைப்பு இருக்கலாம், சிலருக்கு விந்துக்குழாய் பிறவியிலேயே இருக்காது. உற்பத்தியே இல்லாமலும் இருக்கலாம். சிறுவயதில் விதைப்பைக்குள் இறங்காத விதை, பருவ வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, குரோமோசோம் கோளாறு என்று அதற்குப் பல காரணங்கள். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும், சிறுநீரில் தேடினால் அணுக்கள் கிடைக்கும். பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்தாலே கதை முடிந்தது என்று அர்த்தமில்லை.

இப்போது அடிக்கடி பார்ப்பது வேறொன்று. திரண்ட தோள்களோடு ஓர் இளைஞர் வந்தார். எண்ணிக்கை பூஜ்யம். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அது ஆண் ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று கேட்டார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், உற்பத்தியும் நின்றுவிடும். டாக்டர் ஊசியை நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்தார். பல மாதம் கழித்து அவர் சாம்பிளில் அணுக்கள் நீந்துவதைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாருக்கும் இப்படித் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த ஊசியை விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அணுக்கள் மிகக் குறைவாக இருந்தாலும் இன்று வழி இருக்கிறது. 1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது, அதே ஆண்டு கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா பிறந்தாள். அப்போதும் ஆண் குறைபாடு அதிகம் இருந்தவர்களுக்குப் பலன் குறைவுதான். ஒற்றை அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில் முதல் குழந்தைகள் பிறந்த தகவல் 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த பிறகே நிலைமை மாறியது. விதையிலிருந்து நேரடியாக எடுத்த அணுவையும் இதற்குப் பயன்படுத்தலாம். எதுவும் கிடைக்காதவர்கள் தானம் பெறலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தான விந்து பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வரும், பிறக்கும் குழந்தைக்குத் தம்பதியே சட்டப்படி பெற்றோர்.

ஆனால் குறை கணவரிடம் இருந்தாலும் இக்ஸிக்காகப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொள்வதும், மயக்கம் கொடுத்து முட்டை எடுக்கப்படுவதும் மனைவிதான். அப்படி இருக்க, ரிப்போர்ட்டை வாங்கியதும் "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்கும் கணவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பக்கத்தில் அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் நிற்பாள், வீட்டில் பேச்சு அவள் மேலேயே தொடரும். ஒருவர் மட்டும் வராந்தாவிலேயே அம்மாவை உட்கார வைத்து, "எனக்குத்தான்மா கவுன்ட் இல்ல, இனிமே அவளை எதுவும் கேக்காத" என்றார். அவரை நான் மனதாரக் கும்பிட்டேன்.

ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒரே நாளில் வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் விதை இறங்க ஆபரேஷன் செய்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கப்போகும் இளைஞர்களில் பலரிடம், அந்த மருந்தால் விந்தணு உற்பத்தி நின்றுவிடலாம், முன்பே சாம்பிளைச் சேமித்து வைக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. கல்யாணம் ஆகாதவராக இருந்தாலும் பரவாயில்லை, முதல் கீமோவுக்கு முன் ஒரு நாள் கிடைத்தால் போதும். சாம்பிளை உறைய வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வருடக்கணக்கில் பத்திரமாக வைத்துத் தருவோம்.