பத்திரத்தில் 118 அடி, தரையில் 124 அடி: பழைய வீட்டை அளந்து வாங்கிய கதை

"பேப்பரை விட இடம் கூடவே வருது சார், கொல்லை வரைக்கும் 124 அடி இருக்கு" என்று விற்பவர் சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தக் கூடுதல் ஆறடி யாருடையது என்று தெரிந்துகொள்ள ஏழு வாரம் ஆனது. தெரிந்தபோது அது விற்பவருடையதும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையதும் இல்லை.

தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நத்தத்தில் (ஊரில் குடியிருப்புக்கென்று விட்ட இடம்), தெற்குப் பார்த்த நாட்டு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை, கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். 1964ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம். வில்லங்கம், மூலப்பத்திரம், வக்கீல் ஒப்பீனியன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் முழுக்க அளவையில்தான்.

முதலில் அந்தக் காலப் பத்திரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சர்வே எண் கிடையாது. "கிராம நத்தத்தில், இன்னார் வீட்டுக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் கீழ்மேலடி 22, தென்வடலடி 118" என்று இருக்கும். அதாவது கிழக்கு மேற்காக 22 அடி, தெற்கு வடக்காக 118 அடி. அந்த இன்னார்கள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருக்கும். அந்தப் பெயர்கள் இன்றைக்கு எந்தெந்த உட்பிரிவு எண் என்று பொருத்திப் பார்க்காமல் அளவைக்கு மனுப் போட்டால், சர்வேயர் வந்து நிற்கும்போது "எந்த நம்பர் சார்?" என்பதில் பாதி நாள் போய்விடும். பக்கத்து வீடுகளின் நத்தம் பட்டா விவரத்தையும் இணையத்தில் எடுத்து ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இ-சேவைகள் தளத்தில் ஊரகம், நத்தம், நகர்ப்புறம் என்று தனித்தனியாகக் கேட்கும். நத்தத்தில் இருக்கும் வீட்டை ஊரகத்தில் தேடிவிட்டு "பட்டாவே இல்லை" என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் அலைச்சல் இது. வாங்கப் போகிறவர் மனுப் போட முடியாது. ஆபீஸில் கேட்ட முதல் கேள்வியே "பட்டாதாரர் யாரு?" என்பதுதான். "வாங்கப் போறவர்" என்றதும், "அப்ப உங்களுக்கு இங்க வேலை இல்லை, அவரை வரச் சொல்லுங்க" என்று பேப்பர் திரும்பி வந்துவிட்டது. சொன்ன விதம் எரிச்சலாக இருந்தாலும் விஷயம் சரிதான். அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை பட்டாதாரருக்கே. சரி, விற்பவரை அழைத்துப் போனால் பட்டா அவருடைய தாத்தா பெயரில் இருந்தது. அப்பா பெயருக்கும் மாறவில்லை, இவர் பெயருக்கும் மாறவில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வி.ஏ.ஓ. விசாரணை, பெயர் மாற்றம் என்று ஏழு வாரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. ஆகவே வீடு பிடித்துப்போன அன்றே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, "பட்டா இன்றைய தேதியில் யார் பெயரில்?" என்பதே. கூட்டுப்பட்டா என்றால் மற்றவர்களும் ஒத்துக்கொள்கிறார்களா என்பது இரண்டாவது கேள்வி.

பெயர் மாறியபின் மனுப் போடுவது லேசு. இணையத்திலேயே, அல்லது இ-சேவை மையத்தில் போடலாம். கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிடலாம். சலானை எடுத்துக்கொண்டு வங்கி வரிசையில் நின்ற காலம் போய்விட்டது.

இதற்கிடையில் பிரைவேட் சர்வேயர் ஒருவரை வைத்து அளந்து பார்த்தது வீண் செலவு இல்லை. ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். தரையில் என்ன இருக்கிறது என்பதை அவர் துல்லியமாகச் சொல்வார். கோடு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து எல்லைக்கல் காட்டுவது அரசு சர்வேயர் வேலை. இரண்டும் ஒன்றாகுமா என்பதுதான் பரீட்சையே.

பழைய வீட்டை அளப்பதில் பெரிய தொல்லை, குறுக்கே டேப் பிடிக்க வழி இல்லாதது. சுவர், தூண், முற்றம், இறங்குபடி என்று வரிசையாக வரும். ஆனால் இந்த மாதிரி வீடுகளில் ஒரு நல்ல குணம் உண்டு: வாசலில் நின்றால் கொல்லை தெரியும். வாசல்கால், ரேழி, கூடம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாக் கதவையும் திறந்து வைத்து, வாசலில் லேசர் மீட்டரை வைத்து, கொல்லைக் கடைசியில் வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தால் முழு நீளமும் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். வெயில் ஏறிவிட்டால் லேசர் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. காலை 7 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். டேப்தான் என்றால் ஸ்டீல் டேப் கேளுங்கள். துணிநார் டேப் இழுத்தால் நீளும், விட்டால் தொய்யும். 30 மீட்டர் டேப்பில் இந்த வீட்டை இரண்டு இழுப்பாகத்தான் அளக்க முடியும். நடுவில் வைக்கும் புள்ளி விலகினால் அந்தப் பிசகு முழுதும் கணக்கில் ஏறிவிடும்.

கிடைத்த அளவு: திண்ணையின் தெரு ஓரத்திலிருந்து கொல்லைக் கழிவறைத் தொட்டியின் பின் விளிம்பு வரை 37.9 மீட்டர். அடியில் 124 அடி 4 அங்குலம். விற்பவர் பொய் சொல்லவில்லை.

அரசு சர்வேயர் வந்த முதல் நாள் வேலை நடக்கவில்லை. கிழக்கு வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போய்ச் சேரவில்லை. அவர் வெளியூரில் இருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து நிலதாரருக்கு முறையாகத் தகவல் தராமல் காட்டிய எல்லைக்கு நாளைக்கு யாரும் கட்டுப்பட மாட்டார்கள். ஆகவே சர்வேயர் திரும்பிப் போனதைக் குறை சொல்ல முடியாது. நாம்தான் முன்கூட்டியே போனில் பேசி, தேதியை உறுதி செய்திருக்க வேண்டும். நோட்டீஸ் அவர்கள் அனுப்புவார்கள் என்று சும்மா இருக்காதீர்கள். பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய், "ஒங்க இடத்துல கை வைக்கல அண்ணே, எங்க கோடு எதுன்னு பாக்கத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

இரண்டாவது நாள் நத்தம் ஸ்கெட்ச் கையில் வந்தது. அதில் நம் உட்பிரிவின் நான்கு பக்கமும் மீட்டரில்: தெருப்பக்கம் 6.7, வாய்க்கால் பக்கம் 6.3, இரு நெடும் பக்கமும் 35.7. பரப்பு 232 ச.மீ.

இங்கேதான் பத்திரத்தின் கணக்கு உடைந்தது. 22 x 118 என்றால் 2,596 சதுர அடி. 232 ச.மீ. என்றால் 2,497 சதுர அடி. 99 சதுர அடி பேப்பரில் மட்டும் இருந்தது. 35.7 மீட்டர் என்றால் 117 அடிதான், நீளத்தில் ஏறக்குறைய ஓரடி குறைவு. மீதிப் பெரும்பகுதிக்குக் காரணம் சின்னது. 1964இல் எழுதியவர் தெருப்பக்க அகலத்தை மட்டும் அளந்து நீளத்தால் பெருக்கிவிட்டார். கொல்லைப் பக்கம் ஒன்றரை அடி குறுகுவதை யாரும் பார்க்கவில்லை. தெருவை ஒட்டிய பழைய மனைகளில் இது சகஜம். முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். கொல்லைக் கடைசியில் போய் நின்று ஒரு தடவை அகலம் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிடித்துப் பார்த்ததில் 20 அடி 7 அங்குலம், ஸ்கெட்சின் 6.3 மீட்டரோடு பொருந்தியது.

கிழக்குச் சுவர் அடுத்த விவகாரம். "சுவர் முழுக்க நம்மது" என்று விற்பவர் சாதித்தார். சர்வேயர் வீட்டுக்குள் இருந்து அளக்கவில்லை. தெருவின் கிழக்குக் கோடிச் சந்திலிருந்து ஆரம்பித்தார். நடுவில் இருக்கும் நான்கு மனைகளின் தெருப்பக்க அளவு ஸ்கெட்ச்படி 6.9, 7.4, 8.1, 6.8, கூட்டினால் 29.2 மீட்டர். தரையில் சுவரின் கிழக்கு முகம் 29.00இல், மேற்கு முகம் 29.46இல். 29.2 எங்கே விழுகிறது? ஒன்றரை அடிச் சுவரின் கிட்டத்தட்ட நட்டநடுவில். பொதுச்சுவர். கல் எல்லாம் காணாமல் போன தெருவில் இப்படிக் கோடியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவதுதான் நம்பத் தகுந்த வழி. முடிந்தால் மறு கோடியிலிருந்தும் ஒரு தடவை வரச் சொல்லுங்கள். நம் வாசலிலேயே தொடங்கி நம் வாசலிலேயே முடிக்கும் அளவைக்கு அர்த்தமில்லை. சர்வேயர் வரும் முன்பே ஒரு குறிப்பு கிடைத்திருக்கும்: பரண்மேல் ஏறிப் பார்த்தால், இரண்டு வீட்டு உத்தரமும் ஒரே சுவரில் உட்கார்ந்திருந்தன. பொதுச்சுவர் என்றால் அதை இடித்துக் கட்டுவதும், மேலே மாடி எழுப்புவதும் நம் இஷ்டம் இல்லை. மாடி கட்டும் எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக அந்த ஆறடி. ஸ்கெட்ச் கோடு தெருப்பக்கம் திண்ணைக்கு உள்ளே, வீட்டுச் சுவரை ஒட்டி விழுந்தது. திண்ணை 0.8 மீட்டர் தெருப் புறம்போக்கில். பின்னால் கோடு கழிவறைத் தொட்டிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. தொட்டி 1.4 மீட்டர் வாய்க்கால் புறம்போக்கில். 35.7, 0.8, 1.4, கூட்டிப் பாருங்கள், விற்பவரின் 124 அடி வந்துவிடும். பத்திரத்தின் 118 அடியே தரையில் 117 என்பதால், அந்த ஆறடி உண்மையில் ஏழடி.

"வாய்க்காலுக்குத் தெற்கு" என்று பத்திரத்தில் இருப்பதால் தண்ணீர் ஓரம் வரை நம்முடையது என்று நினைக்கிறார்கள். வாய்க்கால் என்பது தண்ணீர் ஓடும் பள்ளம் மட்டும் இல்லை, கரையும் சேர்த்துத்தான். "முப்பது வருஷமா அனுபவிக்கிறோம்" என்ற பேச்சுக்கும் மயங்காதீர்கள். தனியார் இடத்துக்கு 12 வருடம், அரசு இடத்துக்கு 30 வருடம் என்று காலவரம்புச் சட்டத்தில் இருப்பதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு சொல்வது அது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா வராது. பி மெமோ (புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு வரும் நோட்டீஸ்) வந்தால் அன்றைக்கு உரிமையாளர் பெயரில் வரும், அதாவது வாங்கியவர் பெயரில்.

இதற்குப் பிறகு பேரம் சுலபமாகிவிட்டது. அட்வான்ஸ் பெரிதாகக் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் கைகொடுத்தது. ஒப்பந்தத்தில் முன்பே ஒரு வரி சேர்த்திருந்தோம்: "அரசு நில அளவர் அளந்து காட்டும் பரப்புக்கு மட்டுமே சதுர அடிக் கணக்கில் கிரயத்தொகை." அந்த வரி இல்லையென்றால் "பத்திரத்துல இருக்கறதுக்கு விலை பேசினோம்" என்று நின்றிருப்பார்கள். 99 சதுர அடியும், தொட்டியை உள்ளே மாற்றிக் கட்டும் செலவும் விலையில் கழிந்தன.

புதுப் பத்திரத்தில் பழைய 22 x 118ஐ அப்படியே நகல் எடுக்க எழுத்தர் தயாராக இருந்தார். "மூலப்பத்திரத்துல என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும்" என்றார். விடாதீர்கள். நத்தம் உட்பிரிவு எண், நான்கு பக்க அளவு மீட்டரிலும் அடியிலும், பரப்பு 232 ச.மீ., கிழக்குச் சுவர் பொதுச்சுவர், எல்லாம் சொத்து விவரத்தில் ஏற வேண்டும். பத்திரத்தில் 241 ச.மீ., பட்டாவில் 232 ச.மீ. என்று இருந்தால் பெயர் மாற்றத்தின்போது கேள்வி வரும். அதோடு, இல்லாத இடத்துக்கு முத்திரையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்டுவானேன்?

அளந்த அன்று சர்வேயர் சுண்ணாம்பில் போட்ட குறி ஒரு மழைக்குத் தாங்காது. அவர் இருக்கும்போதே பின்பக்க இரண்டு மூலையிலும் கல் நட்டு, அடியில் கான்கிரீட் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லும் அரை மூட்டை சிமெண்டும் முதல் நாளே வாங்கி வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இல்லை, மேஸ்திரியைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதற்குள் சர்வேயர் அடுத்த மனுவுக்குக் கிளம்பிவிட்டார். வடமேற்கு மூலைக் கல்லை அடுத்த நாள் சுண்ணாம்புக் குறியை வைத்துத்தான் நட்டோம்.